எங்கள் லேஅவுட் பூங்காவுக்கு அரசு நிதி கிடைக்குமா?

கேள்வி: பெங்களூரு ராமமூர்த்தி நகர் பக்கத்தில், தொண்ணூறுகளில் உருவான ஒரு தனியார் லேஅவுட்டில் வசிக்கிறோம். நடுவே பூங்காவுக்கென்று விடப்பட்ட ஏறத்தாழ எட்டு குண்டே (ஏக்கரில் ஐந்தில் ஒரு பங்கு) இடம் புதர் மண்டிக் கிடக்கிறது. சுற்றுவேலி, நடைபாதை, பிள்ளைகளுக்கு ஊஞ்சலும் சறுக்குமரமும், பெரியவர்கள் உட்கார நாலு பெஞ்சு, ஒரு கழிப்பறை ஆகியவற்றை அமைக்க விரும்புகிறோம். மாநகராட்சி அலுவலகத்தில் நிதி இல்லை என்கிறார்கள், எம்.எல்.ஏ. அலுவலகத்தில் மனு கொடுங்கள் என்கிறார்கள். எந்த நிதியை, யாரிடம், எப்படிக் கேட்பது? பணத்தைச் சங்கத்தின் பெயரில் வாங்கி நாங்களே வேலையை முடித்துக்கொள்ள முடியுமா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். பல சங்கங்கள் இந்த எதிர்பார்ப்போடுதான் அலையத் தொடங்கிப் பாதியில் சலித்துப்போகின்றன. எம்.எல்.ஏ. நிதியானாலும் எம்.பி. நிதியானாலும், இப்படிப்பட்ட பூங்கா வேலைக்கான பணம் மக்கள் பிரதிநிதியின் கைக்கும் வராது, உங்கள் சங்கத்தின் வங்கிக் கணக்குக்கும் வராது. பிரதிநிதி செய்வது பரிந்துரை மட்டுமே. அதைப் பரிசீலித்து ஒப்புதல் தருவது, மாவட்டத் தலைமை அதிகாரியான டெபுடி கமிஷனரின் நிர்வாகம். டெண்டர் விடுவது, அளவெடுப்பது, காண்ட்ராக்டருக்குப் பில் பாஸ் செய்வது எல்லாம் மாநகராட்சியோ வேறொரு அரசு நிறுவனமோ பார்த்துக்கொள்ளும். காகிதங்களைச் சரியாகச் சேர்த்துக் கொடுப்பதும், வேலை நடக்கும்போது பக்கத்தில் நின்று கவனிப்பதும் உங்கள் பங்கு.

அந்தக் காகிதங்களில் முதலாவது நிலத்தைப் பற்றியது. வார்டு வேலைகளுக்குப் பல ஆண்டுகள் எஸ்டிமேட் போட்டவன் என்ற முறையில் சொல்கிறேன், பூங்கா மனுக்கள் பணம் இல்லாமல் நிற்பதைவிட, இடம் யாருடையது என்று தெரியாமல் நிற்பதே அதிகம். பொது நிதி பொது நிலத்தில்தான் செலவாக வேண்டும். தனியார் லேஅவுட்டில் சாலையையும் பூங்காவையும் லேஅவுட் போட்டவர் பதிவு செய்த பத்திரம் மூலம் அரசு அமைப்பிடம் ஒப்படைத்திருக்க வேண்டும். அலுவலகத்தில் இதை ரிலிங்க்விஷ்மென்ட் டீட் என்பார்கள். அது நடக்காமல் போயிருந்தால், லேஅவுட் வரைபடத்தில் பச்சை வண்ணம் தீட்டிப் பூங்கா என்று எழுதியிருந்தாலும், சார்பதிவாளர் அலுவலகப் பதிவுகளில் அந்த இடம் இன்னும் பழைய உரிமையாளர் பெயரில்தான் இருக்கும். ஆகவே சர்வே எண்ணைக் கொண்டு வில்லங்கச் சான்று எடுத்துப் பார்ப்பதிலிருந்து தொடங்குங்கள்.

உங்கள் பகுதியில் இன்னொரு சிக்கலும் உண்டு. உங்கள் பகுதி அடங்கிய கே.ஆர்.புரம் 2007 வரை தனி நகரசபையாக இருந்தது. அந்த ஆண்டுதான் ஏழு நகரசபைகளும் கெங்கேரி பட்டணசபையும் 110 கிராமங்களும் பழைய மாநகராட்சியோடு சேர்ந்து பி.பி.எம்.பி. என்ற பெருநகர மாநகராட்சி உருவானது. 2025 செப்டம்பரில் அது ஐந்து மாநகராட்சிகளாகப் பிரிந்து, அவற்றின் மேல் கிரேட்டர் பெங்களூரு ஆணையம் அமைந்தது. அதனால் தொண்ணூறுகளில் ஒப்புதல் பெற்ற ஒரு லேஅவுட்டின் கோப்பு, நகரசபையிலோ அதற்கும் முந்தைய கிராமப் பஞ்சாயத்திலோ தொடங்கி, மூன்று நான்கு அலுவலகங்கள் மாறி வந்திருக்கலாம். கவுன்ட்டரில் கேட்டுக் கிடைக்காவிட்டால், ஒப்புதல் பெற்ற வரைபடத்தின் நகலையும் ஒப்படைப்புப் பத்திரத்தின் நகலையும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ்க் கேளுங்கள். கட்டணம் பத்து ரூபாய். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். கர்நாடகத்தில் ஒரு விண்ணப்பத்தில் ஒரு பொருளைப் பற்றித்தான் கேட்கலாம், அதுவும் 150 சொற்களுக்குள். இதை அறியாமல் எல்லாவற்றையும் ஒரே தாளில் நிரப்பி அனுப்பித் திருப்பி வாங்கியவர்கள் பலர்.

வரைபடத்தில் இடம் பூங்கா என்றிருக்கிறதா, சி.ஏ. சைட் என்றிருக்கிறதா என்பதையும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பாருங்கள். சி.ஏ. (சிவிக் அமெனிட்டி) சைட் என்பது பள்ளி, மருத்துவமனை போன்ற பொது வசதிகளுக்குக் குத்தகைக்கு விடக்கூடிய மனை. பூங்கா என்று ஒதுக்கிய இடத்தை அப்படிக் கொடுக்க முடியாது. பெங்களூரில் பூங்காவுக்கென்று விடப்பட்ட ஓர் இடத்தைத் தனியார் மருத்துவமனை கட்டக் கொடுத்ததை எதிர்த்து அந்தப் பகுதி மக்கள் தொடுத்த வழக்கில், 1991-இல் உச்ச நீதிமன்றம் அந்த ஒதுக்கீடு செல்லாது என்று தீர்ப்பளித்தது. நாடெங்கும் பூங்கா வழக்குகளில் இன்றும் எடுத்துக்காட்டப்படும் அந்தத் தீர்ப்பு நம் ஊரிலிருந்து போனது என்பதில் எனக்குப் பெருமை உண்டு.

இனி பணத்துக்கு வருவோம். கர்நாடகத்தில் எம்.எல்.ஏ. ஒருவருக்குத் தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 2 கோடி ரூபாய், சட்டமேலவை உறுப்பினரான எம்.எல்.சி.க்கும் அதே அளவு. எம்.பி.க்கு ஆண்டுக்கு 5 கோடி. கேட்கும்போது பெரிய தொகையாகத் தெரியும். ஆனால் மாநிலத்தின் 28 மக்களவைத் தொகுதிகள் ஒவ்வொன்றிலும் எட்டு சட்டமன்றத் தொகுதிகள் அடங்கும். சமமாகப் பங்கிட்டால் ஒரு சட்டமன்றத் தொகுதிக்கு எம்.பி. நிதியில் வருவது ஆண்டுக்கு 62.5 லட்சம்தான். பள்ளிக் கட்டடம், சமுதாயக் கூடம், போர்வெல், தெருவிளக்கு எல்லாம் இதற்குள்தான் போட்டியிடுகின்றன. ஆகவே நாற்பது, ஐம்பது லட்சத்துக்கு ஒரே மனுவாகக் கேட்டால், படித்தவர் அதை எடுத்து ஓரமாக வைப்பார். வேலையைத் தனித்தனிக் கட்டங்களாகப் பிரித்துக் கேளுங்கள். முதல் கட்டத்தில் சுற்றுவேலியும் நடைபாதையும் போதும். வேலி வந்துவிட்டால் ஆக்கிரமிப்பு பயம் தீரும். மற்றவை அடுத்த ஆண்டுகளில் வரலாம்.

பலருக்குத் தெரியாத ஒரு வழியும் உண்டு. மாநிலங்களவை எம்.பி., தாம் தேர்ந்தெடுக்கப்பட்ட மாநிலத்தின் எந்த மாவட்டத்துக்கும் பரிந்துரை செய்யலாம். கர்நாடகத்திலிருந்து 12 பேர் இருக்கிறார்கள். சட்டமேலவையில் 75 பேர். உங்கள் எம்.எல்.ஏ.விடம் இந்த ஆண்டு நிதி தீர்ந்துவிட்டதென்றால் இவர்களிடமும் போகலாம். எம்.பி. நிதியில் 15 சதவீதம் பட்டியல் சாதியினர் வாழும் பகுதிகளுக்கும், 7.5 சதவீதம் பழங்குடியினர் பகுதிகளுக்கும் ஒதுக்க வேண்டும் என்ற விதி இருக்கிறது. பக்கத்துக் காலனிப் பிள்ளைகளும் இதே இடத்தில்தான் விளையாடுகிறார்கள் என்றால், அந்த மக்களையும் அழைத்து, அவர்கள் கையெழுத்தோடு மனுவை எழுதுங்கள். பூங்காவின் வாசல் அவர்களுக்கும் திறந்திருக்க வேண்டும் என்பதை உங்கள் சங்கம் அப்போதே மனதார ஏற்க வேண்டும்.

நகரங்களின் அடிப்படை வசதிகளுக்கான மத்திய அரசின் அம்ருத் போன்ற திட்டங்களுக்குச் சங்கங்கள் நேரடியாக விண்ணப்பிக்க முடியாது. 2021 முதல் 2026 வரையிலான 15-ஆவது நிதிக்குழு மானியமோ, பெங்களூரு போன்ற பெருநகரங்களுக்குக் காற்றின் தரம், குடிநீர், துப்புரவு ஆகியவற்றுக்கே செலவிட வேண்டும் என்ற நிபந்தனையோடு வந்தது. மாநகராட்சிக்குக் கோடிகள் வந்ததாகச் செய்தியில் படிக்கும் நீங்கள், பூங்காவுக்கு மட்டும் இல்லை என்கிறார்களே என்று வருந்துவதற்கு இதுவும் ஒரு காரணம்.

எஸ்டிமேட்டை நீங்கள் போட வேண்டாம், வார்டு பொறியாளர் போடுவார். ஆனால் அவர் இடத்துக்கு வரும் நாளில் நீங்கள் உடனிருக்க வேண்டும். ஒரு பூங்காவில் இரும்புச் சறுக்குமரத்தை மேற்கு பார்த்து நிறுத்தியிருந்தார்கள். ஏப்ரல் மாதம் மாலை நான்கு மணிக்கு, ஒரு சிறுமி குழாயடியில் கோணிப்பையை நனைத்துக் கொண்டுவந்து தகட்டின் மேல் விரித்து, அது காய்வதற்குள் நாலு தரம் சறுக்கிவிட்டு ஓடினாள். வரைபடத்தில் அதை எந்தப் பக்கம் திருப்பி வைத்திருந்தாலும் செலவு ஒன்றுதான். அந்த எஸ்டிமேட்டைச் சரிபார்த்தவர்களில் நானும் ஒருவன் என்பதால் அந்தக் கோணிப்பை என் நினைவை விட்டுப் போகவில்லை. நிழல் எங்கே விழுகிறது, மழைநீர் எந்தப் பக்கம் தேங்குகிறது என்பதெல்லாம் அங்கேயே குடியிருக்கும் உங்களுக்குத்தான் தெரியும், தயங்காமல் சொல்லுங்கள். 2024 மார்ச்சில் தண்ணீர்த் தட்டுப்பாட்டின்போது குடிநீரைத் தோட்டத்துக்குப் பாய்ச்சினால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் அறிவித்தது நினைவிருக்கும். புல்தரையைக் குறைத்துக்கொண்டு, புங்கனும் வேம்பும் நட்டு, ஒரு மழைநீர்க் குழியையும் எஸ்டிமேட்டில் சேர்க்கச் சொல்லுங்கள்.

கழிப்பறையை முதல் கட்டத்தில் கேட்காதீர்கள். கட்டுவதற்கு நிதி கிடைத்துவிடும். தினமும் கழுவ ஆளும் தண்ணீரும் எங்கிருந்து வரும் என்பதற்கு விடை இல்லாத கழிப்பறை, மூன்றே மாதத்தில் பூட்டுப் போட்ட அறையாகிவிடும். உடற்பயிற்சிக் கருவிகளும் அப்படித்தான். எம்.எல்.ஏ., எம்.பி. நிதிகள் புதிதாக ஒன்றை உருவாக்குவதற்கானவை. காவலாள் சம்பளம், செடி வெட்டும் கூலி, உடைந்த பேரிங்கை மாற்றும் செலவு எல்லாம் மாநகராட்சியின் பராமரிப்புத் தலைப்பிலிருந்துதான் வர வேண்டும். எனவே பிரதிநிதிக்கு மனு கொடுக்கும் அதே வாரத்தில், வேலை முடிந்ததும் பூங்காவைப் பராமரிப்புப் பட்டியலில் சேர்த்துக்கொள்கிறோம் என்ற எழுத்துபூர்வமான உறுதியை மாநகராட்சியின் தோட்டக்கலைப் பிரிவிடம் கேட்டு வாங்கி, அதன் நகலையும் மனுவோடு இணையுங்கள். இந்த ஒரு தாள் இருக்கும் மனுவுக்கு அலுவலகத்தில் தனி மதிப்பு உண்டு.

மனுவைக் கன்னடத்தில் எழுதுங்கள். கையெழுத்துகளில் தமிழ்க் குடும்பங்களோடு கன்னடம், தெலுங்கு, உருது பேசும் அண்டை வீட்டாரும் இருக்கட்டும். லேஅவுட் முழுவதும் கேட்கிறது என்பது அப்போதுதான் தாளிலேயே தெரியும். ஒரு பக்க மனு, நிலக் காகித நகல்கள், நான்கு புகைப்படங்கள், பராமரிப்பு உறுதிக் கடிதம் போதும். கொடுத்த இடத்தில் முத்திரையும் தேதியும் இட்ட நகலை வாங்காமல் வெளியே வராதீர்கள்.

நிதியாண்டு ஏப்ரல் 1-இல் தொடங்குகிறது. மாநகராட்சி பட்ஜெட்டுக்கான பட்டியல் அதற்குச் சில மாதங்கள் முன்பே உருவாகிவிடும். வில்லங்கச் சான்றுக்கும் தகவல் உரிமை விண்ணப்பத்துக்கும் இந்த மாதமே பணம் கட்டினால், நவம்பருக்குள் மனுவோடு போய் நிற்கலாம்.