அப்பாவிடம் யார் சொல்லப்போகிறீர்கள்?

கேள்வி: எங்கள் ஊர் பாம்பன் பக்கம். அப்பாவுக்கு 73 வயது. விசைப்படகில் டிரைவராக இருந்தவர், இப்போது ஒரு போட்டில் பங்கு மட்டும் இருக்கிறது. ஞானஸ்நானம், கல்யாணம் எல்லாம் கோயிலில்தான் நடந்தது. ஆனால் இளவயதிலேயே தொழிற்சங்கத்தில் சேர்ந்து, கடவுள் இல்லை என்பவராக ஆகிவிட்டார். எங்கள் வீட்டில் அந்தோணியார் படத்துக்குப் பக்கத்தில் கம்யூனிஸ்ட் தலைவர் சிங்காரவேலர் படம் இருக்கும். அம்மா தினமும் பூசைக்குப் போகிறவர். அப்பாவுக்கு ஈரலில் புற்றுநோய். முற்றிவிட்டது. மதுரை டாக்டர், 'இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்' என்று அனுப்பிவிட்டார். சில வருஷத்துக்கு முன்பே மருத்துவக் கல்லூரிக்கு உடல்தானம் எழுதிக்கொடுத்திருக்கிறார். 'சாமியார் வாசப்படி மிதிக்கக் கூடாது, உடலைக் கல்லூரிக்குக் கொடுத்தே தீருவேன்' என்கிறான் தம்பி. 'அடக்கம் பண்ணாமல் விட்டால், கடவுள் செத்தவர்களை எழுப்பித் தீர்ப்புச் சொல்லும் நடுத்தீர்வை நாளில் அவர் எப்படி எழும்புவார், என்னை மட்டும் தனியாகவா புதைப்பீர்கள்' என்று அம்மா அழுகிறார். அப்பா முன்னறைக் கட்டிலில் இருப்பதால், அவருக்குக் கேட்காமல் இருக்க டிவி சத்தத்தைக் கூட்டிவிட்டு அடுப்படியில் நின்றுதான் இதையெல்லாம் பேசுவோம். அவரோ, மீன்பிடித் தடைக்காலம் முடிவதற்குள் போட்டுக்குப் பெயிண்ட் அடிக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். வலி மருந்தில் மயங்கிக் கிடக்கும் நேரம் பங்குச்சாமியை அழைத்துவந்து, நோயாளிக்கு எண்ணெய் பூசிச் செபிக்கும் பூசுதல் கொடுத்துவிட்டால் அம்மாவுக்கு நிம்மதி. அப்பாவுக்குத் தெரியப்போவதில்லை. செய்யலாமா? நான் யார் பக்கம் நிற்பது?

பதில்: செய்யக் கூடாது. காரணத்தைப் பிறகு சொல்கிறேன். முதலில் அந்த டிவி.

போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள், சத்தத்தைக் கூட்டிவிட்டு அடுப்படியில் பேசுவோம் என்று. அதைத் தாண்டி என்னால் போக முடியவில்லை. வாழ்நாளெல்லாம் எஞ்சின் பக்கத்தில் படுத்து எழுந்தவர் அவர். சத்தம் கொஞ்சம் மாறினாலும் தூக்கத்திலிருந்து எழுந்துகொள்கிற காது அது. சீரியல் சத்தம் திடீரென்று ஏறுவதும், மூன்று பேரும் ஒன்றாக அடுப்படிக்குள் போவதும், திரும்பி வரும்போது மனைவியின் கண் சிவந்திருப்பதும் எதற்கு என்று அவருக்குத் தெரியாது என்றா நினைக்கிறீர்கள்? படுக்கையை விட்டு எழ முடியாத ஒரு மனிதரைப் பார்க்கவே விரும்பாத ஒரு நாடகத்துக்கு முன்னால் போட்டுவிட்டு, சுவருக்கு அந்தப் பக்கம் நின்று அவர் பிணத்தைப் பங்கு போடுகிறீர்கள். அவர் இன்னும் உயிரோடு இருக்கிறார், சகோதரி.

அவருக்கு விஷயத்தை யாரும் சொல்லவில்லை, அப்படித்தானே? கடிதத்தில் நீங்கள் அதை எழுதவில்லை. எழுதத் தேவையும் இல்லை. தடைக்காலம் முடியும் ஜூன் 14-க்குள் போட்டுக்குப் பெயிண்ட் என்று அவர் கணக்குப் போடுகிறார் என்றால், ஒன்று அவருக்குத் தெரியாது. அல்லது எல்லாம் தெரிந்து, உங்கள் முகத்துக்காகத் தெரியாதவர் போல நடிக்கிறார். முதலாவது என்றால் நீங்கள் அவரை ஏமாற்றுகிறீர்கள். இரண்டாவது என்றால், சாகக் கிடக்கிறவர் உங்களைத் தேற்றிக்கொண்டிருக்கிறார். இரண்டுமே பிள்ளைகளுக்கு அழகில்லை.

இதே கடிதம் எனக்கு வருஷம் முழுக்க வருகிறது. ஊர் மாறும், சாமி மாறும், நோய் மாறும். 'அவரிடம் சொல்லவில்லை, சொன்னால் தாங்க மாட்டார்' என்பது மட்டும் மாறவே மாறாது. புயலில் கரை தெரியாமல் நின்றவர், பிடிபடுவோமோ என்ற பயத்தோடு ஒவ்வொரு முறையும் வலை விரித்தவர், இதைத் தாங்க மாட்டாரா? தாங்க முடியாதது உங்களுக்கு. சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும் என்பதுதான் உங்கள் பயம். அந்தப் பயத்துக்குப் பாசம் என்று பெயர் வைக்காதீர்கள்.

நான் கோயிலுக்குப் போகிறவள். உங்கள் அம்மாவின் விசுவாசம்தான் எனக்கும். அதனால் உங்கள் அம்மாவிடமே கேட்கிறேன். செபமாலை சொல்லும்போது ஐம்பது தடவைக்கு மேல் நம் மரண நேரத்துக்காக மாதாவிடம் வேண்டிக்கொள்கிறோமே, எதற்காக? சூசையப்பரிடம் நல்ல மரணம் கேட்கிறோமே, அது என்ன? வலியில்லாத சாவா? சாவு வருவது தெரிந்து, மன்னிப்புக் கேட்க வேண்டியவரிடம் கேட்டு, கொடுக்க வேண்டியதைக் கொடுத்து, ஆயத்தத்தோடு போவதுதான் நம் பெரியவர்கள் கேட்ட நல்ல மரணம். சொல்லாமல் கொள்ளாமல் வருகிற சாவுக்குத்தான் அவர்கள் பயந்தார்கள். அந்த ஆயத்தத்தைத்தான் நீங்கள் டிவி சத்தம் வைத்து அவரிடமிருந்து பறிக்கிறீர்கள். ஆத்துமத்தைக் காப்பாற்றப் பார்க்கிறவர்கள் செய்கிற வேலையா இது?

கடவுள் இல்லை என்பவர் பக்கம் நின்று பார்த்தால் இது இன்னும் பெரிய பாவம். பாவம் என்ற சொல்லை அவர் ஏற்க மாட்டார். நான் ஏற்கிறேன், அதனால் சொல்கிறேன். உங்கள் அம்மாவுக்கு மோட்சம் இருக்கிறது. விட்டதையெல்லாம் அங்கே போய்ப் பேசிக்கொள்ளலாம். உங்கள் அப்பாவுக்கு அப்படி ஒரு தவணை கிடையாது. அவர் கணக்கில் இந்தச் சில வாரங்களோடு எல்லாம் முடிந்தது. மனைவியிடம் சொல்ல வேண்டியது, பிள்ளைகளிடம் சொல்ல வேண்டியது, போட்டுப் பங்கு யாருக்கு, மீன் ஏலக்காரரிடம் வாங்கிய முன்பணம் எவ்வளவு பாக்கி, எல்லாவற்றையும் இதற்குள் முடித்தாக வேண்டும். பகுத்தறிவு பேசுகிற தம்பிக்கு இது தெரிய வேண்டாமா? உண்மையைத் தவிர வேறு எதையும் கும்பிடாத அப்பாவிடம் அவனும் சேர்ந்து பொய் சொல்கிறான். சாமியாரை வாசலில் தடுக்கிற வீரத்தில் கொஞ்சத்தைக் கட்டில் பக்கத்தில் காட்டட்டும்.

இப்போது பூசுதலுக்கு வருகிறேன். 'அவருக்குத் தெரியப்போவதில்லை' என்று எழுத உங்களுக்கு எப்படி மனம் வந்தது? சுயநினைவு இழந்த ஒருவருக்குத் திருச்சபை பூசுதல் கொடுப்பது, நினைவோடு இருந்தபோது அவர் அதை விரும்பியிருப்பார் என்ற நம்பிக்கையில்தான். உங்கள் அப்பா விரும்பியிருக்க மாட்டார் என்பது ஊருக்கே தெரியும். சிங்காரவேலரும் மீனவக் குடும்பத்துப் பிள்ளைதான். 1923-ல் சென்னைக் கடற்கரையில் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடியவர். அந்தோணியார் கொடியேறும் ஊரில், சொந்தக்காரர் பேச்சையெல்லாம் வாங்கிக்கொண்டு, அந்தப் படத்தை ஒரு மனிதர் இத்தனை வருஷம் சுவரில் வைத்திருக்கிறார் என்றால் அது அவருடைய விசுவாசம். மயக்கத்தில் இருக்கும்போது அதைக் களவாடாதீர்கள். பங்குச்சாமியிடம் மறைக்காமல் சொல்லிக் கேட்டுப் பாருங்கள். திருட்டுத்தனமாக வந்து நெற்றியிலும் கையிலும் எண்ணெய் பூசிவிட்டுப் போக அவரும் சம்மதிக்க மாட்டார். அடுத்த வீட்டு மனிதர் மாதிரி வந்து உட்கார்ந்து பேச வந்தால் அது வேறு. அதையும் அப்பாவிடம் கேட்டுக்கொண்டு செய்யுங்கள்.

அம்மாவுக்கு ஒரு வழி எப்போதும் திறந்தே இருக்கிறது. உயிரோடு இருப்பவரோ இறந்தவரோ, விசுவாசியோ இல்லையோ, யாருக்காகவும் பூசை ஒப்புக்கொடுக்கலாம். திருச்சபைச் சட்டமே அதற்கு இடம் தருகிறது. அப்பாவுக்காக அம்மா இன்றைக்கே பூசைக்கு எழுதிவைக்கலாம், பகிரங்கமாக. 'உங்களுக்காகப் பூசை கொடுத்திருக்கிறேன்' என்று அவரிடமே சொல்லலாம். அவர் சிரித்தால் சிரிக்கட்டும். கல்யாணமான நாளிலிருந்து சிரித்துக்கொண்டுதானே இருக்கிறார்.

யார் சொல்வது? உங்கள் அம்மாதான். நீங்களும் இல்லை, தம்பியும் இல்லை. புருஷன் சாவைப் பற்றி அவனிடம் முதலில் பேசுகிற உரிமை பெண்டாட்டிக்கு. பிள்ளைகள் எவ்வளவு படித்திருந்தாலும் அடுத்த வரிசைதான். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். காலையில், வலி மருந்து கொடுத்து உடம்பு கொஞ்சம் தேறியிருக்கும் நேரத்தில், நீங்கள் இருவரும் வெளியே போய்விடுங்கள். அம்மா கட்டிலில் உட்காரட்டும். பெரிய பேச்சு எதுவும் வேண்டாம். 'டாக்டர் என்ன சொன்னார்னு தெரியணுமா உங்களுக்கு?' என்று கேட்டால் போதும். வேண்டாம் என்று அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டால் அன்றைக்கு விட்டுவிட வேண்டும். தெரியாமல் இருக்கவும் அவருக்கு உரிமை உண்டு. ஆனால் அதை முடிவு செய்ய வேண்டியவர் அவர். கேட்டால், கேட்ட அளவுக்கு உண்மை. ஒருவேளை 'எனக்குத்தான் தெரியுமே' என்று சொல்வார். பாதிப் பேர் அப்படித்தான் சொல்கிறார்கள்.

வலியைப் பற்றி ஒரு வார்த்தை. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே செவிலியர் வந்து நோய்த்தணிப்புச் சிகிச்சை தருகிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் போய்ப் பதிவு செய்யுங்கள். மயங்கிக் கிடக்காமல் வலி மட்டும் அடங்கும்படி மருந்தின் அளவைச் சரிசெய்ய முடியுமா என்று கேளுங்கள். அவர் தெளிவாக இருக்கும் மணி நேரங்கள்தான் இனி உங்கள் வீட்டுச் சொத்து.

உடம்பு விஷயத்தை இவ்வளவு தூரம் தள்ளி வைத்ததற்குக் காரணம், அது அவரிடம் பேசிய பிறகு எடுக்க வேண்டிய பேச்சு. அம்மாவின் பயத்துக்கு மட்டும் இப்போதே பதில் சொல்கிறேன். உங்கள் பக்கத்திலேயே ஓரியூர் இருக்கிறது. 1693-ல் விசுவாசத்துக்காக அங்கே தலை வெட்டப்பட்ட புனித அருளானந்தரை முழு உடம்பாக எடுத்து அடக்கம் செய்ய யாருக்கும் கொடுத்துவைக்கவில்லை. கை காலையும் வெட்டிக் கம்பத்தில் தொங்கவிட்டார்கள். இன்றைக்கு அந்தச் செம்மண்ணைத்தான் நெற்றியில் பூசிக்கொள்கிறோம். அவர் எழும்ப மாட்டாரா? 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியில் கடல் ஏறியபோது ரயிலோடு போனவர்கள் எத்தனை பேர் குழி கண்டார்கள்? அலையில் போய்த் திரும்பாத ஆம்பிளைகள் உங்கள் ஊரில் எத்தனை வீட்டில்? அவர்களுக்கெல்லாம் உடம்பு இல்லாமலேதான் பூசை வைத்தோம். அவர்கள் எழும்புவார்கள் என்று நம்புகிற அம்மா, கல்லூரி மேசையிலிருந்து ஒரு மனிதரை எழுப்பக் கடவுளால் முடியாது என்று நினைக்க வேண்டியதில்லை. உடல்தானத்தைத் திருச்சபை தடுக்கவும் இல்லை.

ஆனால் அம்மா அழுவது நடுத்தீர்வைக்காக மட்டும் இல்லை. நவம்பர் 2 கல்லறைத் திருநாளில் ஊரே பூவும் மெழுகுதிரியுமாகக் கல்லறைக்குப் போகும்போது, தான் எங்கே போய் உட்காருவது என்பதுதான் அந்த அழுகை. இதற்கு எந்த வேத விளக்கமும் பதில் ஆகாது. உங்கள் அப்பாதான் பதில் சொல்ல வேண்டும். செத்த உடம்பில் ஒன்றும் இல்லை என்பவர், அதில் எல்லாம் இருக்கிறது என்று நினைக்கிற மனைவிக்காக அதை விட்டுக்கொடுக்கலாம். அல்லது, ஒரு வைத்தியப் பிள்ளை படிக்க உதவட்டும் என்று மனைவியிடம் கேட்டு வாங்கலாம். எதுவானாலும் அவர் வாயால் வர வேண்டும். அவர் கொடுத்தால் அது கொடை. நீங்கள் எடுத்தால் களவு. தம்பி எடுத்தாலும் அப்படித்தான்.

அந்தத் தம்பி இன்னொன்றையும் தெரிந்துகொள்ளட்டும். படிவத்தில் அப்பா போட்ட கையெழுத்து மட்டும் போதாது. இறந்த பிறகு உடலைக் கொண்டுபோய் ஒப்படைப்பது குடும்பம்தான். மனைவி மறுத்து அழுதுகொண்டு நிற்கும் வீட்டிலிருந்து உடலை வாங்கக் கல்லூரிகள் தயங்கும். அதோடு எல்லா உடலையும் எடுத்துக்கொள்வதும் இல்லை. போஸ்ட்மார்ட்டம் ஆன உடலையும், சில தொற்று உள்ள உடலையும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஈரல் புற்றுநோய் பலருக்கு ஹெபடைடிஸ் பி அல்லது சி கிருமியால் வருகிறது. அந்தக் கிருமி இருந்தால் பொதுவாக உடலையும் வாங்க மாட்டார்கள், கண்ணையும் வாங்க மாட்டார்கள். அடுப்படியில் இத்தனை நாள் போட்ட சண்டையில், அப்பாவின் ரத்தப் பரிசோதனைச் சீட்டை யாராவது ஒருவர் எடுத்துப் பார்த்தீர்களா?

இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். கிருமி இருந்தால் நீங்களும் அம்மாவும் தம்பியும் ரத்தம் சோதித்துக்கொள்ள வேண்டும். பி வகைக்குத் தடுப்பூசி இருக்கிறது. கிருமி இல்லை என்றால், ராமநாதபுரத்தில் 2022-லிருந்து அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. படிவம் எந்தக் கல்லூரிக்கு எழுதியது, எத்தனை மணி நேரத்துக்குள் கொண்டுபோக வேண்டும், என்னென்ன சான்றிதழ் வேண்டும் என்று தம்பி போய்க் கேட்டுவரட்டும். நீங்கள் பங்குச்சாமியைப் பாருங்கள். கோயிலை விட்டு விலகியவர் அடக்கத்துக்குச் சம்மதித்தால் கல்லறைத் தோட்டத்தில் இடம் தருவார்களா என்று முன்கூட்டியே கேளுங்கள். இரண்டு பதிலையும் கொண்டுவந்து அப்பாவிடம் கொடுங்கள். அம்மா அவரிடம் பேசிய பிறகு.