ராமநாதபுரம் கரையிலிருந்து வந்த ரோயிங் கேள்விகள்

கல்லூரிப் பெண்கள் அணிக்கு ரோயிங், அதாவது துடுப்புப் படகுப் பந்தயப் பயிற்சி கொடுக்கும் வேலையைப் பற்றிச் சென்ற இதழில் நாலு வரி எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ராமநாதபுரம் கடலோரத்திலிருந்து. எல்லாவற்றுக்கும் இங்கே இடமில்லை. பெயர் வேண்டாம் என்று பலரும் கேட்டதால் ஊர் மட்டும் போடுகிறேன்.

கேள்வி: பி.பி.எட். கடைசி வருடம் படிக்கிறேன். அப்பா நாட்டுப்படகு வைத்திருக்கிறார், சின்ன வயதிலிருந்தே வத்தையில் துடுப்புப் போட்டுப் பழக்கம். கல்லூரிப் பெண்களுக்கு ரோயிங் கோச் ஆக ஆசை. அப்படி ஒரு வேலை உண்மையிலேயே இருக்கிறதா? ரேஸ் படகில் நான் உட்கார்ந்ததுகூட இல்லை. (தங்கச்சிமடம்)

பதில்: தங்கச்சி, நேராகவே சொல்கிறேன். ரோயிங்குக்கு மட்டும், அதிலும் பெண்களுக்கு மட்டும் என்று ஒரு கோச் பதவி நம் ஊர்க் கல்லூரிகளில் கிடைப்பது அரிது. இருப்பது உடற்கல்வி இயக்குநர் பதவி. கபடி, வாலிபால், தடகளம், விளையாட்டு விழா என்று எல்லாமே அந்த ஒருவர் தலையில்தான். அதற்கு எம்.பி.எட். 55 சதவீதத்தோடு முடித்து, நெட் அல்லது செட் என்ற தகுதித் தேர்வில் தேறியிருக்க வேண்டும், அல்லது பிஎச்.டி. வேண்டும். பல்கலைக்கழக மானியக் குழுவின் (யு.ஜி.சி.) 2018 விதிமுறைப்படி உடல்தகுதித் தேர்வும் உண்டு. முப்பது வயது வரையுள்ள பெண்கள் எட்டு நிமிடத்தில் 1000 மீட்டர் ஓட வேண்டும். அந்த நாற்காலியில் உட்கார்ந்த பிறகு ரோயிங் அணியை உருவாக்குவது உன் கையில் இருக்கிறது. காலியிடம் வரட்டும் என்று காத்திருந்தால் இந்த வேலை வராது, நீதான் அதை உண்டாக்க வேண்டும்.

கோச்சிங் பக்கமாகவே போக வேண்டுமென்றால் பாட்டியாலாவில் உள்ள தேசிய விளையாட்டுப் பயிற்சி நிறுவனம் (என்.ஐ.எஸ்.) நடத்தும் ஓராண்டு டிப்ளமோ இருக்கிறது, ஆறு வார சான்றிதழ் படிப்பும் இருக்கிறது. எந்த ஆண்டு எந்த விளையாட்டுக்கு இடம் என்பதை அந்தந்த ஆண்டு அறிவிப்பில் பார்த்துக்கொள். அதற்கு முன்னால் ஒரு சீசனாவது உண்மையான ரேஸ் படகில் உட்கார்ந்து துடுப்பு வலித்துவிட வேண்டும். சென்னையில் அடையாற்றில் 1867 முதல் மெட்ராஸ் போட் கிளப் இருக்கிறது. ஆலப்புழையில் உள்ள இந்திய விளையாட்டு ஆணையத்தின் மையத்திலும் ரோயிங் பயிற்சி உண்டு. வத்தைக்கும் இதற்கும் வித்தியாசம் நிறைய. நீ உட்காரும் பலகை தண்டவாளத்தில் முன்னும் பின்னும் ஓடும், பாதம் படகோடு கட்டப்பட்டிருக்கும், போகும் திசைக்கு முதுகு காட்டித்தான் உட்கார வேண்டும், பலத்தில் பெரும்பங்கு காலிலிருந்து வரும். பார்க்கிறவர்களுக்குக் கையால் இழுப்பது போலத் தெரியும். கையால் மட்டும் இழுக்கிற பெண் 500 மீட்டரில் துவண்டுவிடுவாள், ஆனால் பந்தயமோ 2000 மீட்டர்.

பெண்களுக்கு அந்தத் தூரமும் சும்மா கிடைத்துவிடவில்லை. ஒலிம்பிக்கில் பெண்கள் ரோயிங் வந்ததே 1976 மான்ட்ரியலில்தான், அதுவும் 1000 மீட்டர் மட்டும். ஆண்களுக்குச் சமமான 2000 மீட்டர் 1988 சியோலில்தான் கிடைத்தது. இன்று கல்லூரிப் பெண்கள் ரோயிங் கோச் என்பது மாதச் சம்பளமும் உதவிக் கோச்சும் உள்ள முழுநேர வேலையாக இருக்கும் நாடு அமெரிக்கா. அங்கே 1972-இல் டைட்டில் நைன் என்று ஒரு சட்டம் வந்தது. அரசுப் பணம் வாங்கும் கல்வி நிறுவனம் ஆண், பெண் என்று பாகுபாடு காட்டக் கூடாது என்பது அதன் சாரம். சட்டம் வந்து நாலு வருடம் கழித்தும் யேல் பல்கலைக்கழகப் பெண்கள் அணிக்குப் படகுத்துறையில் குளிக்க இடமில்லை. பையன்கள் வெந்நீரில் குளித்து முடிக்கும்வரை, குளிர்காலத்தில் ஈர உடையோடு பஸ்ஸில் உட்கார்ந்திருந்தார்கள். 1976 மார்ச்சில் கேப்டன் கிறிஸ் எர்ன்ஸ்ட் தலைமையில் அந்தப் பெண்கள் அதிகாரியின் அறைக்குள் போய், மேலாடையைக் கழற்றி, உடம்பில் எழுதியிருந்த அந்தச் சட்டத்தின் பெயரைக் காட்டி நின்றார்கள். அதன் பிறகுதான் வசதி வந்தது. 1997-இல் அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு அமைப்பான என்.சி.ஏ.ஏ. பெண்களுக்கான தேசிய ரோயிங் போட்டியையும் தொடங்கியது. ஆனால் ஒரு விஷயம் என்னை இன்றும் உறுத்துகிறது: அந்தச் சட்டத்துக்கு முன்னால் அங்கே எல்லா விளையாட்டும் சேர்த்துக் கல்லூரிப் பெண்கள் அணிகளில் பத்துக்கு ஒன்பதுக்கு மேல் பெண்கள்தான் பயிற்சி கொடுத்தார்கள், சம்பளம் உயர்ந்த பிறகு அது பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. அதனால்தான் உன் மாதிரிப் பெண்கள் இந்த வேலைக்கு வர வேண்டும் என்று இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

வேலை எப்படி இருக்கும் என்றும் தெரிந்துகொள். விடியுமுன் எழுந்து காற்றைப் பார்ப்பதும், கையில் ஸ்டாப்வாட்ச்சோடு பின்னால் மோட்டார் படகில் போவதும் காலை ஒன்பது மணிக்குள் முடிந்துவிடும். மீதி நாள் முழுக்கப் பேச்சுதான். வருகைப்பதிவு குறைந்ததற்குத் துறைத்தலைவரிடம், விடுதிக் கதவு சீக்கிரம் திறப்பதற்கு வார்டனிடம், வெளியூர்ப் போட்டிக்கு அனுப்பச் சொல்லி அப்பா அம்மாவிடம். முதல் வருடம் ஆர்வமாக வரும் பெண்களில் எத்தனை பேர் மூன்றாம் வருடமும் படகில் இருக்கிறார்கள் என்பதை வைத்துத்தான் நான் ஒரு கோச்சை எடைபோடுவேன். மெடல் அப்புறம்.

கேள்வி: மகள் வெளியூர்க் கல்லூரியில் ரோயிங் டீமில் இருக்கிறாள். வெயிலில் கறுத்து, தோள் அகன்று ஆளே மாறிவிட்டாள், நாளைக்கு யார் கட்டிக்கொள்வார்கள் என்று உறவுக்காரர்கள் பேசுகிறார்கள். அதைவிடப் பெரிய கவலை, மூன்று மாதமாக மாதவிலக்கு வரவில்லை. விளையாடும் பெண்களுக்கு இது சகஜம் என்று கோச் சொன்னாராம். (தேவிபட்டினம்)

பதில்: அம்மா, சகஜம் இல்லை. இந்த வாரமே மகப்பேறு மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். மூன்று மாதம் தொடர்ந்து நின்றால் காரணம் தேடியே ஆக வேண்டும். தைராய்டு, சினைப்பை நீர்க்கட்டி என்று பலவும் இருக்கலாம். ரோயிங் பெண்களிடம் அடிக்கடி பார்ப்பது, செலவழிக்கும் சக்திக்கு ஏற்ற சாப்பாடு உள்ளே போகாமல் உடம்பு தன் வேலைகளை ஒவ்வொன்றாக நிறுத்திக்கொள்வது. சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014-இலேயே இதற்குத் தனிப்பெயர் கொடுத்து எச்சரித்துவிட்டது. இப்படியே விட்டால் எலும்பு பலவீனமாகும், ரோயிங்கில் விலா எலும்பில் கீறல் விழுவது ஏற்கெனவே உள்ள ஆபத்து. ரத்தத்தில் ஹீமோகுளோபினோடு இரும்புச்சத்துச் சேமிப்பையும் பார்க்கச் சொல்லுங்கள்.

மகளிடம் ஒன்று கேளுங்கள், எடையைக் குறைக்க யாராவது சொன்னார்களா என்று. ஒலிம்பிக்கில் லைட்வெயிட் என்று ஒரு பிரிவு இருந்தது, பெண்கள் 59 கிலோவைத் தாண்டக் கூடாது. அதற்காகப் பட்டினி கிடந்த பெண்கள் உலகம் முழுக்க உண்டு. 2024 பாரிஸோடு அந்தப் பிரிவை ஒலிம்பிக்கிலிருந்து எடுத்துவிட்டார்கள். கல்லூரிப் பெண்ணைப் பட்டினி போடும் கோச்சுக்கு இனி அந்தச் சாக்கும் இல்லை. காலை ஐந்து மணிக்கு வெறும் வயிற்றோடு படகில் ஏறக் கூடாது, ஒரு வாழைப்பழமும் இரண்டு இட்லியுமாவது உள்ளே போகட்டும். பயிற்சி முடிந்த உடனே மறுபடி சாப்பாடு. விடுதியில் மீன் கிடைக்காது, ஊருக்கு வரும்போது சூடை, நெத்திலி, கேப்பைக்களி என்று நன்றாகப் போடுங்கள். மருத்துவர் சொல்லும்வரை பயிற்சியைக் குறைக்கச் சொல்லி நீங்களே கோச்சுக்குப் போன் பண்ணுங்கள். மறுத்தால் கல்லூரி முதல்வருக்கு எழுத்தில் கொடுங்கள்.

கறுப்பும் தோளும் பற்றி எனக்குக் கவலையே இல்லை. கூடை சுமந்து, கடல்பாசி எடுத்து வளர்ந்த தோள்கள்தான் நம் கரையில் எத்தனையோ குடும்பங்களைத் தாங்குகின்றன. அந்த உறவுக்காரர்களுக்கு நீங்கள் பதில் சொல்லவே வேண்டாம்.

கேள்வி: நான் ஒரு கல்லூரியில் உடற்கல்வி இயக்குநர். எங்கள் பிள்ளைகளில் பாதிப்பேர் மீனவக் குடும்பம். பெண்கள் ரோயிங் அணி தொடங்க ஆசை. படகில்லை, பணமில்லை, சுற்றிலும் கடல் மட்டும் இருக்கிறது. எங்கே தொடங்குவது? (மண்டபம் பக்கம்)

பதில்: மேடம், நீச்சலிலிருந்து தொடங்குங்கள். கடலோரப் பிள்ளைகள் எல்லாருக்கும் நீச்சல் தெரியும் என்று நாமாக நினைத்துக்கொள்கிறோம். கரையில் வளர்ந்தும் தண்ணீரில் இறங்க விடப்படாத பெண்கள் எத்தனையோ பேர். உடையோடு தண்ணீரில் விழுந்து, கவிழ்ந்த படகைப் பிடித்துக்கொண்டு மிதக்கத் தெரிந்த பிறகுதான் யாரும் துடுப்பைத் தொடலாம். முதலுதவியும், இதயம் நின்றவருக்கு மார்பை அழுத்திச் செய்யும் சி.பி.ஆரும் நீங்களும் கற்றுக்கொள்ளுங்கள், மாணவிகளுக்கும் கற்றுக்கொடுங்கள்.

ரேஸ் படகு கடலுக்கு ஆகாது. எட்டுப் பேர் படகு சுமார் 18 மீட்டர் நீளம், எடையோ நூறு கிலோவுக்கும் கீழே இருக்கலாம்; ஒரு சாண் அலை வந்தாலே தண்ணீர் ஏறிவிடும். அதற்குக் கண்மாய் வேண்டும். 'நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை' என்று பெயர் பெற்ற ராஜசிங்கமங்கலம் கண்மாய் நினைவுக்கு வரும், ஆனால் மழைக்குப் பிறகு சில மாதம்தான் தண்ணீர், பாசன விவசாயிகளின் சம்மதமும் நீர்வளத் துறை அனுமதியும் வேண்டும். சக்கரக்கோட்டை, தேர்த்தங்கல் இரண்டும் பறவைகள் சரணாலயம், அந்தப் பக்கம் போகவே வேண்டாம்.

உங்களுக்கு நல்ல வழி கடல் ரோயிங்தான். அதற்கென்றே அகலமான படகு உண்டு, உள்ளே வந்த தண்ணீர் பின்பக்கமாகத் தானே வெளியேறிவிடும். ஒருவர் படகு ஆறு மீட்டர், 35 கிலோ. 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் இது பீச் ஸ்பிரிண்ட் என்ற பெயரில் முதல்முறையாக வருகிறது: மணலில் ஓடிப் படகில் ஏறி, மிதவைகளை வளைத்து 250 மீட்டர் போய், நேராகத் திரும்பி, மறுபடி மணலில் இறங்கி ஓட வேண்டும். இதைப் படித்ததும் எனக்கு நம் கரைப் பிள்ளைகள்தான் நினைவுக்கு வந்தார்கள். அலை உடையும் இடத்தில் படகைப் பிடித்து ஏறுவது வெளியூர்ப் பெண்ணுக்குப் பல மாதப் பாடம், இவர்களுக்குப் பாதி வீட்டிலேயே கிடைத்திருக்கிறது.

காற்றைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கச்சான் (தென்மேற்குக் காற்று) அடிக்கும் மாதங்களில் மன்னார் வளைகுடா கொந்தளிக்கும், பாக் விரிகுடாப் பக்கம் அமைதியாக இருக்கும். வாடை தொடங்கினால் நிலைமை தலைகீழ். மண்டபத்தில் இருக்கும் உங்களுக்கு இரண்டு கடலும் சில கிலோமீட்டருக்குள் இருப்பது பெரிய வசதி, பயிற்சி அட்டவணையை அதை வைத்தே போடுங்கள். விசைப்படகுகளுக்கான 61 நாள் தடைக்காலத்தில், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, கடலில் விசைப்படகு நடமாட்டம் குறைவு. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்காவுக்குள் வருகின்றன, அந்தத் திசையில் பிள்ளைகளைக் கூட்டிப் போகாதீர்கள்.

படகுக்குப் பணம் வரும்வரை, தரையிலேயே துடுப்பு வலித்துப் பழக ரோயிங் மெஷின் ஒன்று போதும். நல்லது வாங்க லட்சத்துக்கு மேல் ஆகும், முன்னாள் மாணவர்களிடம் கேளுங்கள். பிரப்பன்வலசையில் நீர் விளையாட்டு அகாடமி அமைப்பதாக அரசு அறிவித்திருக்கிறது, விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் மாவட்ட அலுவலகத்தில் உங்கள் கல்லூரிப் பெயரை இப்போதே எழுதிக் கொடுத்துவையுங்கள். அப்புறம், பெண்கள் உடை மாற்ற பூட்டுள்ள ஓர் அறை, பயணத்தில் கூட ஒரு பெண் ஊழியர், பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013 சட்டப்படி அமைந்த உள்புகார்க் குழுவின் எண் ஒட்டிய பலகை. படகு வாங்குவதற்கு முன்னால் இந்த மூன்றும் இருக்க வேண்டும்.

கேள்வி: நான் நாலடி பத்தங்குலம். உயரமான பெண்கள்தான் வேண்டும் என்கிறார்கள். முழுக்கை உடையோடு பயிற்சி செய்யலாமா? (கீழக்கரை)

பதில்: துடுப்பு வலிப்பதற்கு உயரம் பெரிய பலம், அதை மறுக்க முடியாது. ஆனால் படகில் காக்ஸ் என்று ஒருவர் உண்டு. சுக்கானைப் பிடித்து, வேகத்தைச் சொல்லி, எட்டுப் பேரையும் ஒரே மூச்சில் வைத்திருப்பவர். சர்வதேச விதியில் 55 கிலோ இருக்க வேண்டும், குறைந்தால் மணல்பை வைத்து ஈடுகட்டுவார்கள். அமெரிக்காவின் யாஸ்மின் ஃபரூக் 1995-இல் உலகப் பட்டம் வென்ற எட்டுப் பேர் படகின் காக்ஸ். பிறகு கல்லூரிக் கோச் ஆகி 2009-இல் ஸ்டான்ஃபோர்டையும், 2017, 2019-இல் வாஷிங்டனையும் தேசியப் பட்டம் வெல்ல வைத்தார். 2017-இல் அந்தத் தேசியப் போட்டியின் மூன்று பந்தயத்தையும் ஒரே அணி வென்றது அதுவே முதல்முறை. கோச் ஆவதற்கு காக்ஸ் இருக்கையைவிட நல்ல பள்ளிக்கூடம் இல்லை என்பது என் எண்ணம், அணியில் அவர் ஒருவர்தான் மற்ற எல்லாருடைய முகத்தையும் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார். முழுக்கை, முழுக்கால் உடை பயிற்சிக்குத் தடையே இல்லை, உடம்போடு ஒட்டி இருக்கட்டும். தொளதொளப்பான துணி ஓடும் பலகையின் சக்கரத்தில் சிக்கும். பந்தய உடை பற்றி நடத்துபவர்களிடம் முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள்.

கேள்வி: கடலில் துடுப்பு வலித்தே வாழ்ந்த எங்களுக்கு இந்தக் கோச்சுகள் என்ன சொல்லித்தரப் போகிறார்கள்? பெண்பிள்ளைகள் கடலுக்குப் போவதை எங்கள் ஊரில் ஏற்கவும் மாட்டார்கள். (தொண்டி)

பதில்: அண்ணே, காற்றும் நீரோட்டமும் பற்றிக் கோச்சுதான் உங்களிடம் வந்து கற்றுக்கொள்ள வேண்டும். நல்ல கோச் வருவார். காலால் தள்ளி முதுகைக் காப்பாற்றுவது, இதயத்துடிப்பைக் கணக்கு வைத்துப் பயிற்சி கொடுப்பது, இவை அவரிடம் இருக்கின்றன. இரண்டும் சேர வேண்டும். பெண்பிள்ளைகள் விஷயத்தில், பாம்பன் அருகே சின்னப்பாலம் பக்கம் பெண்கள் தலைமுறையாகக் கடலில் மூழ்கிப் பாசி எடுத்துத்தான் பிழைக்கிறார்கள். தமிழக அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருப்பதையும் ஊர்க்கூட்டத்தில் சொல்லிப் பாருங்கள். உங்கள் பக்கம் பாய்மரப் படகுப் போட்டி நடக்கிறதே, அடுத்த முறை அதே நாளில் கரையோரமாக, உயிர்காப்பு உடை போட்டு, பெண்பிள்ளைகளுக்கும் ஒரு துடுப்புப் போட்டி வைக்கச் சொல்லி விழாக் குழுவிடம் கேளுங்கள்.