டப்பாவில் வரும் டயட் சாப்பாடு: வாங்கலாமா, வேண்டாமா?

பொங்கல் கழிந்ததும் எடை குறைப்புக் கேள்விகள் வருவது வழக்கம்தான். இந்த முறை பெரும்பாலான கேள்விகள் பாக்கெட்டில் வரும் டயட் உணவுகளைப் பற்றியே. சிலவற்றுக்கு இங்கே பதில்.

மாதச் சந்தா கட்டினால் மூன்று வேளையும் அளவான சாப்பாடு வீட்டுக்கே வருமாம். தொகை எங்கள் மளிகைச் செலவை எட்டுகிறது. கொடுக்கிற காசுக்குத் தகுமா? (இல்லத்தரசி, 43, மன்னார்குடி)

சாப்பிடும் வரைக்கும் எடை குறையும். பாக்கெட்டுக்குள் விசேஷச் சரக்கு எதுவும் இல்லை. உங்களுக்காக யாரோ சோற்றை அளந்து வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். நம் பக்கத்தில் நழுவுவதே அந்த அளவுதான். சாம்பாருக்கு ஒரு தரம், ரசத்துக்கு ஒரு தரம், மோருக்கு ஒரு தரம் என்று சோறு விழும். 100 கிராம் சாதத்தில் சுமார் 130 கலோரி. மூன்று சுற்றில் 400 கிராம் போனால் சோறு மட்டுமே 500 கலோரியைத் தாண்டிவிடும். பொரியலும் அப்பளமும் கணக்கில் வராமலே!

கண்ணுக்கு அளவு பழக ஒரு மாதம் வாங்கிப் பார்ப்பதில் தப்பில்லை. பணம் கட்டும் முன் ஒன்றே ஒன்று கேளுங்கள்: "நிறுத்திய பிறகு வீட்டில் நான் என்ன சாப்பிடுவது?" பதிலுக்கு அடுத்த பேக்கேஜை நீட்டினால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். இன்னொன்றும் இருக்கிறது. நாலு பேருக்கு வத்தக்குழம்பு வைத்துத் தாளித்துவிட்டு, நீங்கள் மட்டும் பாக்கெட்டைப் பிரித்துச் சாப்பிட வேண்டும். எத்தனை நாள் முடியும்?

என்னைக் கேட்டால், சமையலறைத் தராசு ஒன்று வாங்கி, இரண்டு வாரம் சாதத்தை நிறுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். குறைத்த சோற்றின் இடத்தைப் பயறும் காயும் பிடிக்கட்டும். சம்பா அறுவடைக்குச் சில நாள் முன்பு ஈர வயலில் உளுந்தும் பயறும் தெளிக்கிற ஊர் நம்முடையது. புரதத்துக்கு டப்பாவைத் தேட வேண்டியதில்லை. 50 கிராம் பச்சைப்பயறில் சுமார் 12 கிராம் புரதம் இருக்கிறது. 60 கிலோ எடையுள்ளவருக்கு ஒரு நாளைக்கு 50 கிராம் போதும்.

சென்னையில் இருக்கும் மகன் ஷேக் பவுடர் அனுப்பியிருக்கிறான். இரவுச் சாப்பாட்டுக்குப் பதில் குடிக்கச் சொல்கிறான். எனக்குச் சர்க்கரை, மாத்திரை போடுகிறேன். (ஓய்வுபெற்ற ஆசிரியர், 61, பாபநாசம்)

பவுடர் இருக்கட்டும், முதலில் மாத்திரை அட்டையைப் பாருங்கள் சார். கிளிமிபிரைடு, கிளிக்ளசைடு, இன்சுலின் இவற்றில் ஏதாவது இருந்தால், சாப்பாட்டைக் குறைத்த ராத்திரியே சர்க்கரை தாழ்ந்துபோகலாம். வியர்வை, நடுக்கம், படபடப்பு வந்தால் அதுதான். டாபாகிளிஃப்ளோசின் வகை மாத்திரையில் இருப்பவர்களும் மாவுச்சத்தைத் திடீரென்று வெட்டக் கூடாது. டாக்டர் அளவை மாற்றிக் கொடுத்த பிறகுதான் டப்பாவைத் திறக்க வேண்டும்.

ஆனால் மகன் சொல்வதிலும் விஷயம் இருக்கிறது. பிரிட்டனில் 'டைரக்ட்' என்ற ஆய்வின் முதல் முடிவுகள் 2017-இல் வந்தன. சர்க்கரை நோய் வந்து ஆறு வருடத்துக்குள் இருந்தவர்கள், இன்சுலின் போடாதவர்கள்தான் அதில் சேர்ந்தார்கள். மூன்று முதல் ஐந்து மாதம் ஷேக், சூப் மட்டுமே. நாளைக்கு 825 முதல் 853 கலோரி. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சாதாரணச் சாப்பாடு. ஒரு வருடத்தில் 46 சதவீதம் பேருக்கு மாத்திரை இல்லாமலே சர்க்கரை கட்டுக்குள் வந்தது. சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை முதலிலேயே நிறுத்தி, கூடவே இருந்து கவனித்தது மருத்துவக் குழு. கூரியரில் வந்த டப்பா மட்டும் அந்த வேலையைச் செய்யாது.

இரண்டு மாதத்தில் ஆறு கிலோ குறைந்தது. நிறுத்தியதும் எல்லாம் திரும்பிவிட்டது. (கடை வைத்திருப்பவர், 38, கும்பகோணம்)

முதல் வாரம் சரசரவென்று இறங்கியதில் பெரும்பங்கு தண்ணீர். மீதி கொழுப்பு, பழைய சாப்பாடு வந்ததும் அதுவும் வந்துவிட்டது. உடம்பு இளைத்தால் அதற்கு வேண்டிய கலோரியும் குறையும் என்பதை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அப்புறம், கடையில் எத்தனை காபி? கறந்த பால், இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்றால் டம்ளருக்கு நூறு கலோரி பக்கம். பார்ட்டி வரும்போதெல்லாம் ஒன்று என்று குடித்தால் ஒரு வேளைச் சாப்பாட்டுக் கணக்கே வந்துவிடும்.

'சிறுதானியம், சர்க்கரை சேர்க்காதது' என்று போட்டிருக்கிறது. நம்பலாமா? (திருவையாறு)

முன்பக்கத்தை விடுங்கள், பின்பக்கத்தைப் படியுங்கள். பொருள் பட்டியலில் முதலில் வருவதுதான் அதிகம் இருப்பது. அது அரிசி மாவோ, மால்டோடெக்ஸ்ட்ரின் என்ற மாவுச்சத்துப் பொடியோ என்றால் சிறுதானியம் பேருக்குத்தான். கலோரி எத்தனை கிராமுக்கு என்பதையும் பாருங்கள். 30 கிராமுக்குப் போட்டிருப்பார்கள், நாம் 80 கிராம் சாப்பிடுவோம். சோடியம் நாளைக்கு 2000 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரே பாக்கெட் அதில் பாதியை எடுத்துக்கொண்டால், ஊறுகாய் தொடாமலே உப்பு ஏறிவிடும்.

குழந்தைக்கு ஐந்து மாதம். தாய்ப்பால் கொடுக்கிறேன். (திருவாரூர்)

இப்போது வேண்டாம்மா. முதல் ஆறு மாதம் உங்களுக்கு வழக்கத்தைவிட நாளைக்கு 600 கலோரி கூடுதலாகத் தேவை.

எங்கள் தெரு மெஸ்காரர் கேரியரில் டயட் சாப்பாடு கொடுக்க ஆரம்பித்திருக்கிறார். அது பரவாயில்லையா? (வங்கி ஊழியர், மயிலாடுதுறை)

கூரியர் டப்பாவைவிட எனக்கு இது பிடித்திருக்கிறது. அன்றன்றைக்குச் சமைத்தது, பழகிய ருசி. எண்ணெயைக் குறைக்கச் சொன்னால் கேட்க ஆள் இருக்கிறார். முதல் நாள் சாதத்தை நிறுத்துப் பாருங்கள், பத்து நாள் கழித்து இன்னொரு முறை. பழகிய வாடிக்கையாளர் என்று அன்பாக ஒரு கரண்டி கூடப் போடுவார்கள்! தட்டில் பாதி காய், பயறோ முட்டையோ மீனோ கட்டாயம். முன்பணம் ஒரு வாரத்துக்கு மட்டும் கொடுங்கள்.