அண்ணாச்சி பதில்கள்: டேப்பைத் தின்னும் செட்

பாளையங்கோட்டையில் ரேடியோ, டேப்ரிக்கார்டர் பழுது பார்க்கும் நம் அண்ணாச்சி இந்த இதழிலும் வாசகர்களுக்குப் பதில் சொல்கிறார்.

கேள்வி: எங்கள் ஊர்க் கொடையில் தாத்தா பாடிய வில்லுப்பாட்டு ஒரே ஒரு சி-90 கேசட்டில்தான் இருக்கிறது. போட்டால் குரல் இழுத்து இழுத்துக் கேட்கிறது. போன வாரம் டேப்பையும் தின்றுவிட்டது. ஹெட்டைத் துடைத்தும் சரியாகவில்லை. என்ன செய்யலாம் அண்ணாச்சி? (வாசகி, அம்பாசமுத்திரம்)

முதல் வேலையாக அந்தக் கேசட்டை வெளியே எடுத்து வையுங்கள் தாயி. செட் சரியாகும்வரை அதைப் போடவே கூடாது. சோதித்துப் பார்க்க, போனால் போகட்டும் என்கிற கேசட் ஒன்று எல்லார் வீட்டிலும் கிடக்கும்.

டேப்பைத் தொட்டுப் படிக்கும் ஹெட்டைத்தான் எல்லாரும் துடைக்கிறார்கள். ஹெட் அழுக்கானால் சத்தம் மங்கும், குரல் இழுக்காது. டேப் ஓடும் வேகம் மாறினால்தான் இழுக்கும். அந்த வேகத்தைத் தருவது கண்ணுக்குத் தெரிகிற, டேப் சுற்றியிருக்கும் ஸ்பூல் இல்லை. ஹெட்டுக்குப் பக்கத்தில் மெல்லிய எஃகுத் தண்டு ஒன்று சுற்றிக்கொண்டிருக்கும், அதற்குப் பெயர் கேப்ஸ்டன். ரப்பர் ரோலர் வந்து டேப்பை அதன்மேல் அமுக்கும். இரண்டுமாகச் சேர்ந்து டேப்பை செகண்டுக்கு 4.76 செ.மீ. என்று சீராக இழுக்கின்றன. வந்த டேப்பைச் சுருட்டிக்கொள்வதுதான் வலது ஸ்பூலின் வேலை. இடது ஸ்பூல் லேசாகப் பின்னால் பிடித்துக்கொள்ள வேண்டும். அந்தப் பிடி இல்லையென்றால், பாவு தொய்ந்த வீரவநல்லூர்த் தறி மாதிரிதான், ஒன்றும் நேராக வராது.

வலது ஸ்பூலை மோட்டாரோடு நேரடியாகப் பூட்டுவதில்லை. நடுவே ஃபெல்ட் வளையம் வைத்த வழுக்கும் கிளட்ச் இருக்கும். சுருள் பருக்கப் பருக்க ஸ்பூல் மெதுவாகச் சுற்ற வேண்டும் அல்லவா, அதற்காக. அதன் முறுக்கு விசை 35 முதல் 70 கிராம்-சென்டிமீட்டர் இருக்கலாம் என்று பல கம்பெனிகளின் சர்வீஸ் புத்தகங்களில் போட்டிருக்கும். 50 என்று வைத்துக்கொள்வோம். வெறும் ஸ்பூலின் ஆரம் 1.1 செ.மீ., அப்போது டேப்பை இழுக்கும் விசை சுமார் 45 கிராம். சுருள் நிறைந்து ஆரம் 2.5 ஆகும்போது அது 20 கிராம்தான். கிளட்ச் தேய்ந்திருந்தால் அந்த 20-ம் இருக்காது. கேப்ஸ்டன் பாட்டுக்கு டேப்பைத் தள்ளிக்கொண்டே இருக்கும், வாங்கிச் சுருட்ட ஆளில்லாமல் அது ரோலரில் சுற்றிக்கொள்ளும். உங்கள் கேசட்டும் ஒரு பக்கம் முடியப்போகும் நேரத்தில்தானே சிக்கியது? அப்படியென்றால் கிளட்சைப் பாருங்கள். அந்த ஸ்பூலை ஒரு பெல்ட் ஓட்டுகிறது என்றால் அதையும் பாருங்கள்.

குரல் ஏன் இழுக்கிறது என்று கண்டுபிடிக்கக் காதே போதும். மணியும் குடமும் அடிக்கும்போது தெரியாது, தாத்தா நீட்டிப் பாடுவது மாதிரியான இடத்தில் கேளுங்கள். செகண்டுக்கு ஒரு தரம் போல அலைந்தால் ரப்பர் ரோலர். பாட்டு ஓடும்போது கரண்ட் போய்விடும், பிளே பட்டன் அமுங்கியபடியே கிடக்கும். ராத்திரி முழுக்க அப்படி இருந்தால் ரப்பரில் பள்ளம் விழும். நம் பக்கத்துச் செட்டுகளில் நிறையப் பார்க்கலாம். ஒன்றரை செகண்டிலிருந்து மூன்று செகண்டுக்கு ஒரு தரம் என்றால் ஸ்பூல், அல்லது கேசட்டே உள்ளே உரசுகிறது. கணக்கே இல்லாமல் அலைந்தால் பெரும்பாலும் பெல்ட் தளர்ந்திருக்கும். நம் வெயிலுக்குச் சில பெல்ட்டுகள் தார் மாதிரி உருகிக் கிடப்பதும் உண்டு. மோட்டாருக்குப் பின்னால் ஒரு சின்ன ஓட்டை இருக்கும், அதில் ஸ்க்ரூ டிரைவரை விடாதீர்கள். அது வேகத்தைக் கூட்டும், குறைக்கும். அலைவதை நிறுத்தாது.

பெல்ட் மாற்றி, கேப்ஸ்டனை ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்த பிறகு தாத்தா கேசட்டைப் பாருங்கள். ஹெட் வந்து படும் இடத்தில் ஒரு சின்னப் பஞ்சுத் துண்டு உண்டு, அது விழுந்திருந்தால் டேப்பை ஸ்க்ரூ போட்ட வேறு டப்பாவுக்கு மாற்ற வேண்டும். முதல் தரம் ஓட்டும்போதே கம்ப்யூட்டரில் பதிந்துவிடுங்கள். இரண்டாம் தரம் கிடைக்கும் என்று நம்ப வேண்டாம்.

கேள்வி: பென்சில் விட்டு கேசட்டைச் சுற்றலாமா? (வாசகர், நாங்குநேரி)

சுற்றலாம். ஆறு பட்டைப் பென்சிலாக இருக்கட்டும்.

கேள்வி: கம்ப்யூட்டர் டேப்பில் கேப்ஸ்டனே கிடையாது என்று எங்கள் வாத்தியார் சொன்னார். அப்புறம் எப்படி ஓடுகிறது? (கல்லூரி மாணவர், வள்ளியூர்)

இப்போதைக்கு அவர் சொன்னது சரி தம்பி. ஆரம்பத்தில் அப்படி இல்லை. 1952-இல் ஐபிஎம் 701 கம்ப்யூட்டரோடு வந்த 726 டேப் டிரைவில் டேப் செகண்டுக்கு 75 அங்குலம் ஓடியது, நம் கேசட்டைப் போல 40 மடங்கு. அதுவும் சில மில்லி செகண்டில் கிளம்பி நிற்க வேண்டும். கனத்த ஸ்பூல் அவ்வளவு சட்டென்று கிளம்புமா? இழுத்தால் டேப் அறுந்துபோகும். அதனால் இரண்டு பக்கமும் நீளமான பெட்டி வைத்து, கீழிருந்து காற்றை உறிஞ்சி, டேப்பை அதற்குள் வளையமாகத் தொங்கவிட்டார்கள். ஹெட் பக்கம் இருக்கும் கேப்ஸ்டன் அந்த வளையத்திலிருந்து டேப்பை எடுத்துக்கொள்ளும். வளையம் குட்டையானால் ஸ்பூல் மோட்டார் டேப்பை விடும், நீண்டால் சுருட்டும். காற்றின் உறிஞ்சலே டேப்பை விறைப்பாக வைத்திருக்கும். இதைவிட அழகான மெக்கானிசத்தை நான் பார்த்ததில்லை.

2000-இலிருந்து வரும் எல்டிஓ என்கிற கம்ப்யூட்டர் டேப் டிரைவில் கேப்ஸ்டன் இல்லை, இரண்டு மோட்டார்தான், ஸ்பூலுக்கு ஒன்று. டேப்பை வாங்கும் பக்கத்து மோட்டார் இழுக்கும், விடும் பக்கத்து மோட்டார் அளவோடு தடுக்கும். மேலே சொன்ன ஆரக் கணக்கை கம்ப்யூட்டரே போட்டு, சுருள் பருத்தால் கரண்ட்டைக் கூட்டும், மெலிந்தால் குறைக்கும். கம்பெனியிலேயே டேப்பில் பதிந்து அனுப்பும் சர்வோ கோடுகள் என்கிற அடையாளங்களைப் படித்து, உண்மையான வேகத்தையும் தெரிந்துகொள்ளும். இழுத்துப் பிடிக்கிற வேலையை ரப்பரிடமிருந்து வாங்கிக் கணக்கிடம் கொடுத்துவிட்டார்கள்.

கேள்வி: பழைய சி-120 கேசட்டுகள் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன. நேரமும் அதிகம். வாங்கலாமா? (வாசகர், களக்காடு)

வேண்டாம். சி-60 டேப் சுமார் 18 மைக்ரான் தடிமன், சி-90 சுமார் 12, சி-120 வெறும் 9. கிளட்ச் கொஞ்சம் முரட்டுத்தனமாக இழுத்தாலே நீண்டுவிடும், நீண்டது திரும்பாது. சி-60 கிடைத்தால் எனக்கும் நாலு வாங்கி வையுங்கள்.