போயிலை போடும் நேரம்

அன்புள்ள அக்கா,

சமூகப் பணியில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். பாம்பன் பக்கம் பாசி எடுக்கும் பெண்களிடம் புகையிலைப் பழக்கம் பற்றிக் கேட்டு வருகிறேன். கெடுதல் என்று எல்லோருக்கும் தெரிகிறது, வாய்ப்புற்று வந்தவர்களைப் பார்த்தும் இருக்கிறார்கள். ஆனால் ஏன் போடுகிறீர்கள் என்றால் ‘பழகிப்போச்சு தம்பி’ என்பதோடு சரி. கைடு சொன்னபடி, நோயைப் பற்றி ஒருவர் என்ன நம்புகிறார் என்பதை வைத்து அவர் பழக்கத்தை விளக்கும் ‘ஹெல்த் பிலீஃப் மாடல்’ வைத்துத்தான் கேள்விகள் தயாரித்தேன். ‘முழுதும் ஒத்துக்கொள்கிறேன்’ முதல் ‘ஒத்துக்கொள்ளவே இல்லை’ வரையான ஐந்து புள்ளி அளவுகோலில் எதைக் கேட்டாலும் ‘ஆமா’தான். விழிப்புணர்வு குறைவு என்று முடிவு எழுதலாம் என்றிருக்கிறேன். ‘செல்ஃப் எஃபிகசி’ என்பதற்கு அவர்களுக்குப் புரிகிற தமிழ்ச்சொல் ஒன்று சொல்ல முடியுமா?

ம., தங்கச்சிமடம்

அன்புள்ள ம.,

சொல்லை முதலில் முடித்துவிடுகிறேன். ‘என்னால முடியும்ங்கிற தைரியம்’ என்று வைத்துக்கொள்ளுங்கள், போதும். அளவுகோலைப் பற்றியும் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ‘ஓரளவு ஒத்துக்கொள்கிறேன்’ என்று நம் ஊரில் யாராவது பேசிக் கேட்டிருக்கிறீர்களா? வீடு தேடி வந்த படித்த பிள்ளை முகம் வாடக்கூடாதென்று ஆமாம் போட்டிருக்கிறார்கள், அந்த மரியாதையைக் கூட்டிப் பெருக்கி நீங்கள் அட்டவணை போட்டிருக்கிறீர்கள்.

எனக்குக் கோபம் வந்தது ‘விழிப்புணர்வு குறைவு’ என்ற இடத்தில். எல்லோருக்கும் தெரிகிறது என்று நீங்களே எழுதிவிட்டு நாலு வரி தள்ளி விழிப்புணர்வு இல்லை என்கிறீர்களே, எது தம்பி உண்மை?

என் அப்பத்தா உப்பளத்தில் வேலை பார்த்தாள். விடியுமுன் மூன்று, நான்கு மணிக்கே இறங்கிவிடுவார்கள், வெயில் ஏறிவிட்டால் பாத்தியில் நிற்க முடியாது, உப்பின் வெள்ளை கண்ணைப் பறிக்கும். கஞ்சித் தூக்கைத் திறக்கப் பத்து மணி ஆகும். அதுவரை கன்னத்தில் போயிலைதான். பள்ளிக்கூட லீவில் கூடப் போயிருக்கிறேன். கண்ணுக்கெட்டிய தூரம் வரை ஒரு கருவேலம் புதர்கூடக் கிடையாது. ஒதுங்க இடமில்லை, அதனால் பெண்கள் தண்ணீர் குடிக்கமாட்டார்கள். ஊற்றில் சிரட்டையால் கோரிக் கோரி நிரப்பித் தள்ளுவண்டியில் உருட்டிக் கொண்டுவந்த தண்ணீர் குடத்தில் அப்படியே இருக்கும், ஆண்கள்தான் குடிப்பார்கள். இவர்களுக்கு வாய் காய்ந்தால் போயிலை, எச்சில் ஊறும். பசித்தாலும் அதுவே.

போயிலையில் இருக்கிற நிகோட்டின் பசியை மட்டுப்படுத்தும் என்பதை நான் ரொம்பப் பின்னால்தான் படித்தேன். அப்பத்தா அதை ‘பசியமத்தி’ என்று ஒரே வார்த்தையில் சொல்வாள்.

ஐம்பது வயதில் அவளுக்கு ஓயாத நீர்க்கடுப்பு. டவுன் டாக்டர் ஒருவர் ‘தண்ணி நிறையக் குடி, போயிலையை விடு, இதக்கூடச் சொல்லணுமா’ என்று சத்தம் போட்டார். அப்பத்தா பயந்துபோய்ச் சுருக்குப்பையை ஆணியில் மாட்டிவிட்டாள். மூன்றாம் நாள் அளத்தில் தலைசுற்றி வரப்பில் உட்கார்ந்தவளை மேஸ்திரி அரைக்கூலியோடு அனுப்பினார். நாலாம் நாள் பை இடுப்புக்கு வந்துவிட்டது. அடுத்த தடவை போனபோது டாக்டர் சீட்டில் ஆங்கிலத்தில் ஏதோ எழுதினார். பத்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த நான் எழுத்துக்கூட்டி வாசித்தேன், சொன்னதைக் கேட்காதவர் என்று இருந்தது. ஒதுங்க இடமில்லை என்று ஒரு ஆம்பளையிடம் அவள் எப்படிச் சொல்வாள்? அவரும் கேட்கவில்லை. நீங்கள் எழுதப்போகிற ‘விழிப்புணர்வு குறைவு’ அதே கையெழுத்துதான், தம்பி.

உங்கள் கைடு சொல்லும் ‘ஹெல்த் பிலீஃப் மாடல்’ ஒன்றும் மோசமில்லை. 1950களில் அமெரிக்காவில், காசநோய்க்கு எக்ஸ்ரே வண்டி வாசலுக்கே வந்தும் ஜனங்கள் ஏன் வரவில்லை என்று மண்டையை உடைத்துக்கொண்டவர்கள் உண்டாக்கியது அது. அதில் ‘தடைகள்’ என்று ஒரு கட்டமே இருக்கிறது. நீங்கள்தான் அதை ஒரே கேள்வியில் தாண்டியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

‘ஏன்’ என்று கேட்காதீர்கள். ‘ஏன் லேட்டு’, ‘ஏன் படிக்கலை’, ‘ஏன் கட்டலை’, நம் ஜனங்களிடம் இந்தச் சொல்லோடு வந்தவன் எவனும் நல்லதற்கு வந்ததில்லை. ‘எப்போ’ என்று கேளுங்கள். இன்றைக்கு முதல் போயிலை எப்போ? அதற்கு முன்னால் கடைசியாகச் சாப்பிட்டது எப்போ? வள்ளத்தில் தீவுக்குப் போகும்போதா, விரலில் துணி சுற்றிக்கொண்டு கண்ணாடி மாட்டி முங்கி முங்கி மரிக்கொழுந்துப் பாசி பிடுங்கிவிட்டு நடுங்கிக்கொண்டே ஏறும்போதா, கரையில் பாசியைக் காயப்போடும்போதா? ஏப்ரல் 15லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில், விசைப்படகுக்குப் போகும் வீட்டுக்காரர் கையில் காசில்லாமல் உட்கார்ந்திருக்கும்போது பொட்டலம் கூடுகிறதா, குறைகிறதா? தமிழ்நாட்டுக் கரும்பு விவசாயிகளிடம் செய்த ஆய்வு ஒன்று 2013இல் வந்தது, தேடிப் படியுங்கள். ஒரே ஆட்களை அறுவடைக்கு முன்னும் பின்னும் சோதித்தார்கள். கைமுடையில் இருந்த அறுவடைக்கு முந்தைய நாட்களில் யோசிக்கிற சோதனைகளில் குறைவாக வாங்கினார்கள், காசு வந்தபின் அதே ஆட்கள் நன்றாகச் செய்தார்கள். ‘எப்போ’ என்று கேட்டதால் கிடைத்த பதில் அது. அவர்களிடம் போய் ‘ஏன் யோசிக்க முடியலை’ என்று கேட்டிருந்தால் ‘பழகிப்போச்சு’ என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

போயிலையை நான் நியாயப்படுத்தவில்லை. அப்பத்தாவின் கீழ்த்தாடை கடைசியில் எப்படி இருந்தது என்று எழுத எனக்குத் தெம்பில்லை.

இன்னும் ஒன்று. தனியாகப் போகாதீர்கள். கூடப் படிக்கும் பெண் யாரையாவது அழைத்துப் போங்கள், அவர் பேசட்டும், நீங்கள் கொஞ்சம் தள்ளி வலை பின்னுகிறவர்களோடு உட்கார்ந்திருங்கள். கடலுக்குப் போகாத நாளாகப் பார்த்து, கஞ்சி நேரத்துக்குப் போங்கள். கேள்வித்தாள் பையிலேயே இருக்கட்டும். கஞ்சி குடுத்தால் குடியுங்கள்.

அன்புடன்,
அக்கா