மொட்டை மலை

அன்புள்ள ஐயா,

அன்றாடப் பேச்சில் கலந்திருக்கும் உருவகங்கள் நம் சிந்தனைக்குத் தடம் போடுகின்றன என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு ஒப்பவில்லை. ‘மனசு பாரமா இருக்கு’, ‘விலை ஏறிடுச்சு’ என்று சொல்லும்போது யாரும் மூட்டையையோ ஏணியையோ நினைப்பதில்லை. நான் கொடைக்கானல் பக்கம் பூம்பாறைக்காரி. புல் மட்டும் வளர்ந்த மேட்டை எங்கள் தாத்தா ‘மொட்டை மலை’ என்பார். பழகிய பேர், அவ்வளவுதான். அது யாருடைய யோசனையை மாற்றிவிடும்?

ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

யாரும் நினைப்பதில்லை என்கிறீர்களே, அதன் பலமே அங்கேதான் இருக்கிறது. புது உவமை வந்தால் நின்று பார்க்கிறோம், ரசிக்கிறோம், பிடிக்காவிட்டால் தள்ளுகிறோம். பழகியதைத் தள்ளத் தோன்றுவதில்லை, அது உருவகம் என்றே தெரியாததால். மொழியியலாளர் ஜார்ஜ் லேகாஃப், தத்துவ அறிஞர் மார்க் ஜான்சன் இருவரும் 1980இல் விரிவாக எழுதிக் காட்டியது இதைத்தான்.

நேரத்தைச் ‘செலவழிக்கிறோம்’, ‘மிச்சம் பிடிக்கிறோம்’. கையிலிருக்கும் காசுபோல. ஆனால் பொழுது சாயும், விடியும். கிராமத்தில் பொழுது என்றால் சூரியனும்தான். சூரியனை யாரும் மிச்சம் பிடிக்க முடியாது. இரண்டு சொல்லும் நம்மிடம் இருக்கின்றன. எதைச் சொல்லி வாழ்கிறோமோ அந்த அவசரமோ நிதானமோ நமக்கு வந்துவிடுகிறது.

சரி, தாத்தாவின் சொல்லுக்கு வருகிறேன். மொட்டை என்றால் என்ன? முடி இருக்கவேண்டிய இடத்தில் முடி இல்லை என்று பொருள். அந்தச் சொல்லைப் போட்டதுமே, மலைக்கு மரம்தான் முடி, இங்கே அது இல்லை, அது குறை என்று மூன்றும் சேர்ந்து வந்துவிடுகின்றன. யாரும் வாதாடி நிரூபிக்கவில்லை.

அரசுக் கணக்கில் இதற்கு ஜோடியாக ‘தரிசு’ இருந்தது. தரிசு சமவெளியின் வயல் சொல். உழவேண்டிய நிலம் உழாமல் கிடந்தால் அது தரிசு. உழவே கூடாத புல்வெளிமேல் அதைத் தூக்கி வைத்தார்கள். பள்ளத்தில் சோலைக்காடு, சரிவில் புல் என்பதுதான் இந்த மலைகளின் இயல்பான அமைப்பு. மழைநீரைப் பிடித்து மெல்ல விடுவதில் புல்லுக்கும் பங்கு உண்டு. வரையாடு மேய்வதும் அங்கேதான். நீலகிரிக்கு 1843இலேயே தைலமரம் வந்துவிட்டது. பிறகு தோல் பதனிடப் பட்டை வேண்டும், ரேயானுக்குக் கூழ் வேண்டும் என்று ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த வாட்டில் மரத்தையும் தைலமரத்தையும் நீலகிரியிலும் உங்கள் கொடைக்கானல் இருக்கும் பழனி மலையிலும் நட்டுத் தள்ளினார்கள். தேவை வேறு இடத்தில் இருந்தது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எங்கே நடுவது என்ற கேள்விக்குச் சொல்லே பதில் வைத்திருந்தது. பழனி மலையின் புல்வெளியில் 40 ஆண்டுகளில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது என்கிறது 2018இல் வந்த ஓர் ஆய்வு. மரத்தோட்டங்களும் விவசாயமும்தான் காரணம்.

உங்கள் தாத்தா மேல் குற்றமில்லை. அந்த மேட்டில் மாடு மேய்த்திருந்தால், மொட்டை என்று சொல்லிக்கொண்டே ஒவ்வொரு புல்லையும் அறிந்திருப்பார். அறியாதவர் கையில் அதே சொல் அரசுக் கோப்பில் ஏறி ஆணையாகிவிடுகிறது.

இப்போது காற்று திரும்பியிருக்கிறது. வாட்டிலை ‘அந்நியன்’, ‘படையெடுப்பு’ என்கிறார்கள். இந்தப் பேச்சும் எனக்குப் பயம் தருகிறது. படை என்றால் ஒரேயடியாக வெட்டி வீழ்த்து என்றுதான் கை போகும். வெட்டிய இடத்தில் வெயில் விழுந்ததும், மண்ணில் பல காலமாகக் கிடந்த வாட்டில் விதைகள் கும்பலாக முளைக்கும். மாறாக, பழனி மலையின் சில பழைய தோட்டங்களில் அந்த அந்நிய மரத்தின் நிழலிலேயே சோலை மரக்கன்றுகள் தலைகாட்டுகின்றன. எதிரி என்று பேர் வைத்துவிட்டவருக்கு அந்தக் கன்றுகள் கண்ணில் படுமா?

தாத்தா இருக்கிறாரா? இருந்தால், மொட்டை மலையில் என்னென்ன புல் இருந்தது, ஒவ்வொன்றையும் எப்படிக் கூப்பிட்டார்கள் என்று கேட்டு எழுதுங்கள். கூரைக்கு எது, மாட்டுக்கு எது என்பதையும் கேளுங்கள்.

அன்புடன்.