அடைப்புக்குறிக்குள் ஒரு தம்பி

கேள்வி: எனக்கு வயது 23. நகர வாழ்க்கையை நடித்து விளையாடும் ஓர் ஆன்லைன் ரோல்பிளே சர்வரில் மூன்று ஆண்டுகளாக மருத்துவர் வேடத்தில் இருக்கிறேன். மாடரேட்டர் பணிக்கு விண்ணப்பித்ததில், வரும் ஞாயிறு இரவு குரல்வழி நேர்காணலுக்கு அழைத்திருக்கிறார்கள். மூத்த அட்மின்கள் இருவர் கேள்வி கேட்பார்களாம். விதிகளை வரிவரியாகப் படித்துவிட்டேன். ‘உங்கள் நண்பரே விதியை மீறினால் என்ன செய்வீர்கள்?’ என்ற கேள்வி கட்டாயம் வரும் என்கிறார்கள். அதற்கு எப்படிப் பதில் சொன்னால் தேர்வாவேன்? வாரத்துக்கு எத்தனை மணி நேரம் தர முடியும் என்று சொல்வது? பதற்றம் இல்லாமல் பேசுவது எப்படி? (உங்கள் வீட்டில் வேறு யாராவது இங்கே விளையாடுகிறார்களா என்றும் விண்ணப்பத்தில் கேட்டிருந்தார்கள். என் தம்பிக்கு 16 வயது. காரணமில்லாமல் ஆட்களைச் சுட்டான் என்று போன ஆண்டு அவன் கணக்கை நிரந்தரமாகத் தடைசெய்துவிட்டார்கள். இப்போது வேறு பெயரில் விளையாடுகிறான். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்பதால் ‘இல்லை’ என்று போட்டுவிட்டேன்.)
— பெயர் வேண்டாம்

பதில்: எனக்கு வரும் கடிதங்களில் உண்மையான சங்கதி பெரும்பாலும் அடைப்புக்குறிக்குள்தான் இருக்கும். நீங்கள் மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். அவற்றில் முதல் கேள்விக்கு நீங்களே பதில் எழுதி, கையெழுத்தும் போட்டு, அட்மின்களிடம் கொடுத்தும் விட்டீர்கள். வேண்டியவர் விதியை மீறினால் என்ன செய்வீர்கள் என்று ஞாயிறு இரவு அவர்கள் கேட்கப்போகிறார்கள். ‘இல்லை என்று எழுதிவிடுவேன்’ என்பதுதான் உங்கள் பதில். அதை எந்தச் சொற்களில் மூடினால் அழகாக இருக்கும் என்று என்னிடம் கேட்கிறீர்கள். அந்த வேலைக்கு நான் ஆளில்லை.

சம்பந்தமில்லை என்கிறீர்களே, மாடரேட்டரின் அன்றாட வேலை என்னவென்று மூன்று ஆண்டுகளில் பார்த்திருப்பீர்கள் அல்லவா? ஆர்.டி.எம். புகார், அதாவது காரணமில்லாமல் சுட்டுவிட்டார்கள் என்ற புகார் வரும், சுட்டவரும் சுடப்பட்டவரும் ஆளுக்கொரு கதை சொல்வார்கள், காணொளித் துண்டைக் கேட்டு வாங்கி, சர்வரின் பதிவேட்டோடு ஒப்பிட்டு, சுடுவதற்கு முன்னால் கதைக்குள் ஏதாவது பகை இருந்ததா, பேச்சு நடந்ததா என்று பார்க்க வேண்டும். அதை முடித்தால், தடைசெய்யப்பட்டவர் புதுப்பெயரில் திரும்பிவிட்டார் என்று அடுத்த புகார் டிக்கெட் காத்திருக்கும். முதலில் செய்த குற்றத்தைவிட, தடையை ஏமாற்றித் திரும்புவதைக் கடுமையாக எடுத்துக்கொள்ளும் சர்வர்கள் பல. உங்கள் தம்பி இன்று செய்துகொண்டிருப்பது அதைத்தான். நீங்கள் விண்ணப்பித்திருப்பது அப்படிப்பட்டவர்களைக் கண்டுபிடிக்கும் பணிக்கு. இதைவிட நெருங்கிய சம்பந்தம் ஒன்றை என்னால் யோசிக்க முடியவில்லை.

இன்னொன்றையும் நீங்கள் யோசித்ததாகத் தெரியவில்லை. ஒரே வீட்டில், ஒரே இணைய இணைப்பில் இருந்து இருவர் விளையாடினால் இரண்டு கணக்குகளுக்கும் பெரும்பாலும் ஒரே ஐ.பி. முகவரிதான் பதிவாகும். ஞாயிறன்று உங்களிடம் பேசப்போகிறவரின் திரையில் உங்கள் பெயரும், தம்பியின் பழைய பெயரும், புதுப்பெயரும் ஒன்றன்கீழ் ஒன்றாக ஏற்கெனவே இருக்கலாம். வீட்டில் யாராவது விளையாடுகிறார்களா என்று விண்ணப்பத்தில் கேட்பது ஊர்க்கதை தெரிந்துகொள்வதற்காக இல்லை. பதில் தெரிந்த கேள்வியைக் கேட்டு ஆளை அளந்து பார்ப்பது எல்லாக் காலத்திலும் நடந்துவந்திருக்கிறது.

ஆனால் மாட்டிக்கொள்வீர்கள் என்ற பயத்தால் நீங்கள் உண்மையைச் சொல்ல வேண்டும் என்று நான் விரும்பவில்லை. மாட்டவே மாட்டீர்கள் என்று உறுதியாகத் தெரிந்தாலும் இதையேதான் எழுதியிருப்பேன்.

இந்தச் சிக்கல் உங்கள் சர்வரில் முளைத்த புதுச் சிக்கல் இல்லை. 1993-இல், படமே இல்லாமல் எழுத்தால் மட்டும் இயங்கிய லாம்டாமூ என்ற ஆன்லைன் உலகில், மிஸ்டர் பங்கிள் என்ற பாத்திரம் பலர் கூடியிருந்த அறையில் மற்றவர்களின் பாத்திரங்களைப் பாலியல் வன்முறைக்கு உள்ளாக்குவதாக எழுதிக்காட்டியது. என்ன செய்வதென்று அங்கிருந்தவர்கள் கூடிப் பேசியும் ஒரு முடிவுக்கு வர முடியவில்லை. கடைசியில், விசார்டுகள் எனப்பட்ட நிர்வாகிகளில் ஒருவர் தாமாகவே முடிவெடுத்து அந்தப் பாத்திரத்தை நீக்கினார். பிறகு அதே ஆள் டாக்டர் ஜெஸ்ட் என்ற புதுப்பெயரில் வந்து சேர்ந்தார். உங்கள் தம்பி செய்ததை நான் அந்தக் கொடுமையோடு ஒப்பிடவில்லை. 16 வயதுப் பையன் விளையாட்டுத் துப்பாக்கியைக் கண்டதும் நிலைதவறியதை அந்த அளவுக்குப் பெரிதாக்குவது அநியாயம். நான் பார்ப்பது அந்த நிர்வாகியை. அவர் எடுத்த முடிவு சரியா தவறா என்று அன்று வாதாடினார்கள். ஆனால் புதுப்பெயரில் வந்தவர் அவருடைய தம்பி, அவர் அதை அறிந்தே வாய்மூடி இருந்தார் என்று வெளிப்பட்டிருந்தால், வாதாடுவதற்கே அங்கே ஒன்றும் மிஞ்சியிருக்காது.

நீங்கள் மருத்துவர் வேடத்தில் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் உங்கள் தம்பி சுட்டுச் சாய்த்தவர்களில் சிலர் உங்கள் மருத்துவமனைக்கே வந்திருப்பார்கள். வேலையை முடித்துவிட்டு, ஒரு மாலை நேரத்தை ஒதுக்கி, டாக்சி ஓட்டுநராகவோ கடைக்காரராகவோ கதை கட்டிக்கொண்டிருந்த ஒருவரை, பெயர்கூடத் தெரியாத ஆள் சுட்டுவிட்டுப் போயிருக்கிறான். அவர் காணொளியை வெட்டி எடுத்து, புகார் எழுதி, நாள்கணக்கில் காத்திருந்து, கடைசியில் அந்தக் கணக்குத் தடைசெய்யப்பட்டது என்ற செய்தியைப் பெற்றிருக்கிறார். நாளை அவர் உங்களிடமே இன்னொரு புகாரோடு வருவார். நீங்கள் மரியாதையாக, ‘விசாரிக்கிறோம்’ என்று பதில் எழுதுவீர்கள். அவரைத் தொந்தரவு செய்தவனோ அடுத்த அறையில் ஹெட்போன் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பான்.

நான் மூன்று தம்பிகளுக்கு மூத்தவள். கடைக்குட்டி செய்த தப்புகளை அப்பாவின் காதுக்குப் போகாமல் தடுத்துக்கொண்டே இருந்தேன். அதைப் பாசம் என்றுதான் நினைத்தேன். முப்பது வயதில் அவன் ஊரெல்லாம் கடன் வாங்கிவிட்டு, சின்னப் பையனாக நின்ற அதே முகத்தோடு என் வாசலில் வந்து நின்றபோதுதான், இத்தனை ஆண்டுகளாக நான் அவனுக்கு என்ன சொல்லிக்கொடுத்து வந்திருக்கிறேன் என்பது எனக்கு உறைத்தது. அதனால் இந்த விஷயத்தில் எனக்கு நடுநிலை கிடையாது. உடன்பிறந்தவனைக் காப்பது மூத்தவளின் கடமை. அவன் செய்ததன் விளைவிலிருந்தும் சேர்த்துக் காப்பது அந்தக் கடமைக்குள் வராது. அக்கா ‘இல்லை’ என்று எழுதியது ஒரே வீட்டில் இருப்பவனுக்குத் தெரியாமலா போகும்? பெயரை மாற்றிக்கொண்டால் எதிலிருந்தும் தப்பலாம் என்று அவன் தானாகக் கற்றுக்கொண்டான். அது சரிதான் என்று முத்திரை குத்திக் கொடுத்தவர் நீங்கள்.

செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். முதலில் தம்பியிடம் பேசுங்கள்; அவனுக்குத் தெரியாமல் அட்மின்களிடம் போய்ச் சொல்வது இன்னொரு தப்பு. ‘நான் பொய் எழுதிவிட்டேன், அதைத் திருத்தப்போகிறேன், உன் புதுக்கணக்கும் வெளியே வரும்’ என்று முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். கத்துவான், கதவைச் சாத்திக்கொள்வான். ஒரு நாள் பொறுங்கள். அவன் புதுக்கணக்கில் விளையாடுவதை அன்றே நிறுத்திவிட்டு, பழைய தடையை நீக்கக் கேட்டு முறைப்படி மேல்முறையீடு செய்யட்டும். அவன் ஒப்புக்கொண்டால், ஞாயிற்றுக்கிழமைக்கு முன்பே அட்மின்களுக்கு எழுத்தில் தெரிவியுங்கள்: விண்ணப்பத்தில் நீங்கள் எழுதியது தவறு, உண்மை இது, தம்பி தொடர்பான எந்தப் புகாரையும் நீங்கள் தொடமாட்டீர்கள். நேர்காணலில் திடீரென்று போட்டு உடைக்க வேண்டாம். அது நேர்மையைவிட நாடகத்துக்குப் பக்கத்தில் போய் நிற்கும். அவன் ஒப்புக்கொள்ளவே இல்லை என்றால் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள். கூடப்பிறந்தவனைக் காட்டிக்கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்று ஒரு விளையாட்டுக்காக நான் உங்களைக் கட்டாயப்படுத்த மாட்டேன். ஆனால் அவனை மறைத்துவைத்துக்கொண்டு மற்றவர்களின் தம்பிகளுக்குத் தீர்ப்பு எழுதும் நாற்காலியில் நீங்கள் உட்காரக் கூடாது.

பணி கிடைக்காமல் போகலாம். போகட்டும்.

மற்ற இரண்டு கேள்விகளையும் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். மணி நேரத்தைப் பெருக்கிச் சொல்லாதீர்கள். இந்தப் பணிகளில் பெரும்பாலானவை சம்பளமில்லாதவை. 1997-இல் வந்த அல்டிமா ஆன்லைன் விளையாட்டில் தன்னார்வலர்களாக உதவியவர்களில் சிலர், தாங்கள் பார்த்தது ஊழியர் வேலைதான், அதற்கு ஊதியம் வேண்டும் என்று 2000-இல் நீதிமன்றத்துக்கே போனார்கள். வீட்டாருக்கும் தூக்கத்துக்கும் போக மிச்சமிருக்கும் நேரத்தைக் கணக்கிட்டு, அதில் பாதியைச் சொல்லுங்கள். பதற்றத்தைப் பொறுத்தவரை, மறைப்பதற்கு ஒன்றுமில்லாதவருக்கு அது பாதியாகக் குறைந்துவிடும். மீதிப் பாதி இருந்துவிட்டுப் போகட்டும், கேட்கப்போகிறவர்களும் ஒரு நாள் அதே குரலில் தடுமாறியவர்கள்தான். தெரியாத விதியைக் கேட்டால், ‘மூத்தவரிடம் கேட்டுவிட்டுச் செய்வேன்’ என்று சொல்லுங்கள்.

கடைசியாக, அந்த மேல்முறையீடு. அவன் தட்டச்சு செய்ய உட்காரும்போது, ‘அக்கா, நீயே எழுதிக் கொடு, உனக்குத்தான் நன்றாக வரும்’ என்பான். எழுதிக் கொடுக்காதீர்கள். யாரைச் சுட்டான், ஏன் சுட்டான், பெயர் மாற்றி எப்படி வந்தான் என்பதை அவனே அவனுக்கு வந்த தமிழில் எழுதட்டும். எழுத்துப்பிழை இருந்தாலும் திருத்த வேண்டாம்.